மூணு மருமவனும் ஒரு பேங்க் கேரண்டியும்

அந்தச் சன்னலைச் சித்தெ சாத்திக்கிறீங்களா அம்மிணி? பஸ்சு போற வேகத்துக்குக் காத்து மூஞ்சியிலயே அடிக்குதுங்க. ஆங், அது போதுமுங்க. கோயமுத்தூருங்களா? வேலைக்கா போறீங்க? எதுலீங்க?

பேங்குலயா!

அட, அப்ப உங்களுக்குச் சொல்லியே ஆகோணும். உங்க போனும் சார்ச்சு இல்லாம அணைஞ்சு போச்சு, நானே பாத்தேன். கேளுங்க. நான் செஞ்ச உதவிக்கு ஒரு பத்திரிகையில எம்பேரு வல்லீங்க. கட்டடத் தெறப்பு விழாப் பத்திரிகை. பந்தல் போட்டவரு பேரு இருக்குது. மைக்செட்டுக்காரரு பேரு இருக்குது. கடைசி வரியில வலது பக்கமா 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல ரெண்டு புள்ளி, அதுக்கு அக்கட்டால வெறும் வெள்ளைக் காயிதம். யாருக்கு நன்றி? காத்துக்கா? அந்தப் பத்திரிகையை அடிச்சதே என்ற கடையிலதானுங்க! பென்டிரைவுல கொண்டாந்து குடுத்தாங்க, நான் பொத்தானை அமுக்குனேன். எம்பேரு இல்லாத பத்திரிகையை நானே அடிச்சேன். கூலி வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சனுங்க. வாங்கிட்டேன்.

என்ற பேரு மயிலாத்தாளுங்க. ஊரு கொளிஞ்சிக்காட்டுப்புதூரு. யூனியன் ஆபீசுக்கு நேர் எதுத்தாப்பல 'மயில் ஜெராக்ஸ்'னு போர்டு இருக்கும், அது நாந்தான். டைப்பிங்கு, பிரிண்டு, லேமினேசன் எல்லாம் உண்டு. பிரிண்டருக்கு மட்டும் வலது பக்கத்து ஓரத்துல சித்தெ பசி சாஸ்திங்க. வரி அந்தக் கோடி வரைக்கும் போச்சுன்னா நாலு எழுத்தை முழுங்கிப் போடும். ஊருக்கே தெரியும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஒருக்கா வசந்தாமணிங்கற புள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சேன், 'வசந்தா'ன்னு வந்துச்சு. மாப்பள ஊட்டுல இன்னைக்கும் வசந்தான்னுதான் கூப்புடறாங்க. என்ன கெட்டுப் போச்சு?

அதை உடுங்க. விசயத்துக்கு வர்றேன்.

எங்கூர்ல சென்னியப்பன்னு ஒரு பெரியவரு. வாய்க்கால் மேட்டுல தென்னந்தோப்பு. மூணு பொம்பளப் புள்ளைங்க, ஒரே பையன். மூணு புள்ளைங்களுக்கும் மாப்பள பாத்தாரு பாருங்க, மூணும் கட்டட கான்ட்ராக்டரா அமைஞ்சு போச்சு. மூத்தவரு நாட்ராயன், சாக்கடையும் சின்னப் பாலமும் கட்டறவரு. நடுவுலவரு பொன்னரசு, அவருக்குக் காம்பவுண்டுச் செவுரு. சின்னவரு தினகரன், டிப்ளமோ படிச்சவரு, செண்ட்ரிங் அடிச்சுக் கூரைக்கு மோல்டு போடறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. மூணு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. ஏன்னு கேளுங்க. ஆடி நோம்பிக்கு மாமனார் ஊட்டுல கறிக்கொழம்பு. சட்டியில நல்லி எலும்பு ஒண்ணே ஒண்ணு. அது யாரு தட்டுல உழுகோணும்ங்கறதுல ஆரம்பிச்சதுங்க. எலும்பு கடைசியில யாருக்கும் இல்ல, பூனை தூக்கிட்டுப் போயிருச்சு. சண்டை மட்டும் தங்கிப் போச்சு.

இந்தச் சண்டையில குளிர் காஞ்சவரு ஒருத்தரு. பெரிய கான்ட்ராக்டர். பேரு வேண்டாமுங்க, என்ற கடைக்கு அவரு கலர் ஜெராக்ஸ் பாக்கி தரோணும். சர்க்கார் வேலை எதுனாலும் அவருக்குத்தான் போகும். ஏன்னா அவருகிட்டத்தான் பேங்க் கேரண்டி இருக்குது. அந்தக் கஷ்டம் உங்க பக்கத்துல இருந்து பாத்தாத் தெரியாதுங்க அம்மிணி, இந்தப் பக்கத்துல இருந்து நான் சொல்றேன். டெண்டருக்கு மொதல்ல முன்பணம் கட்டோணும். டெண்டர் கெடச்சா, "இந்த ஆளு வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடிட்டான்னா பணத்துக்கு நாங்க பொறுப்பு"ன்னு ஒரு பேங்கு பத்திரத்தாள்ல எழுதிக் குடுக்கோணும். அதுக்குப் பேங்கு சொத்து கேக்கும். சொத்து இருந்தா அவன் எதுக்குங்க சாக்கடை கட்டறான்?

நாட்ராயன் ஒருக்கா பேங்குக்குப் போனாருங்க. மேனேசர் பிஸ்வால்னு ஒரு ஒடிசாக்காரரு. தங்கமான மனுசன். நம்மூருத் தமிழ் கத்துக்கிட்டாரு, ஆனா மரியாதை வார்த்தையா மட்டும் கத்துக்கிட்டாரு. "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுங்க, லோன் இல்லீங்க." இப்பிடித்தான் பேசுவாரு. அவரு சொத்து என்ன இருக்குதுன்னு கேட்டதுக்கு நாட்ராயன் ஒரு ஆல்பத்தை எடுத்து வெச்சாருங்க. பூராப் போட்டாவும் சாக்கடை. மேட்டுத்தெரு சாக்கடை, பஸ்டாண்டு சாக்கடை, அம்மன் கோயில் சாக்கடை. "இது பூரா நான் கட்டுனதுங்க சார், ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதுங்க."

மேனேசர் பக்கம் பக்கமாப் பொரட்டிப் பாத்தாரு. "நெம்ப நல்ல சாக்கடைங்க. ஆனா உங்க சாக்கடை இல்லீங்க. காப்பி சாப்புடுங்க."

அவ்வளவுதான். அதனால மூணு பேரும் அந்தப் பெரிய கான்ட்ராக்டருகிட்டயே கைகட்டி நிக்கோணும். அவரு என்ன பண்ணுவாருன்னா, நாட்ராயனைக் கூப்புட்டு, "இந்த ரேட்டுக்கு முடியாதா? உன்ற சகலை பொன்னரசு இதுக்கும் கீழ முடிச்சுத் தர்றேங்கறான்"ம்பாரு. பொன்னரசுகிட்டப் போயி தினகரன் பேரைச் சொல்லுவாரு. சகலைங்க ஒருத்தருக்கொருத்தரு பேசுனாத்தானே பொய்யின்னு தெரியும்? பேச மாட்டாங்களே. அந்தச் சித்திரையில மூணு பேருகிட்டயும் இருந்த கொத்தனாருங்க பாதிப்பேரு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. இன்னொரு வருசம் இப்பிடியே போச்சுன்னா கரண்டியைக் கவுத்து வெச்சுட்டுப் போக வேண்டியதுதான்.

அப்பத்தான் கால்நடை ஆஸ்பத்திரி டெண்டர் வந்துச்சுங்க. மாட்டு ஆஸ்பத்திரி. புதுக் கட்டடம், காம்பவுண்டு, மாடு கழுவற தண்ணி போறதுக்குச் சாக்கடை. நாட்ராயன் வந்தாரு, நோட்டீசை ஒரு காப்பி எடுத்து நாலா மடிச்சு பனியனுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டுப் போனாரு. சித்த நேரங்கழிச்சுப் பொன்னரசு வந்தாரு, அவரும் அப்பிடியே. அப்பறம் தினகரன். அவரு படிச்சவரு, கவருக்குள்ள வெச்சுட்டுப் போனாரு. எனக்குப் பொறி தட்டுச்சுங்க. ஒரு கட்டடத்துல சாக்கடை இருக்குது, செவுரு இருக்குது, மோல்டு இருக்குது. மூணு சகலை இருக்கறாங்க. மாமனாருகிட்டத் தோப்புப் பத்திரம் இருக்குது. இதை ஒட்டுக்காச் சேத்தறதுக்கு ஒரு மூளை வேணுமா வேண்டாமா? நான் சும்மா பெருமைக்குச் சொல்லலீங்க. உண்மையைச் சொல்றேன்.

போன் போட்டு மூணு பேரையும் "உங்க காயிதத்துல ஒரு பக்கம் உட்டுப் போச்சு, வாங்க"ன்னு வரவெச்சேன். என்ற கடையில ஒரே பெஞ்சுதான். மூணு பேரும் ஒருத்தரு மூஞ்சியை ஒருத்தரு பாக்காம ரோட்டைப் பாத்து உக்காந்திருக்காங்க.

"அக்கா, அந்தாளுகிட்டச் சொல்லுங்க, காம்பவுண்டு கட்டறவனுக்கு ஆஸ்பத்திரி என்னத்துக்குன்னு" அப்பிடீங்கறாரு நாட்ராயன்.

அந்தாளு ரெண்டு சாண் தள்ளி உக்காந்திருக்காரு. காதுல உழுந்தாச்சு. ஆனாலும் நான் திரும்பிச் சொல்லோணும். "காம்பவுண்டு கட்டறவருக்கு ஆஸ்பத்திரி என்னத்துக்குங்கறாருங்க."

"சாக்கடைக்காரருக்கு மட்டும் என்னத்துக்குன்னு கேளுங்க அக்கா."

"சாக்கடைக்காரருக்கு என்னத்துக்குன்னு கேக்கறாருங்க."

தினகரன் சிரிச்சாருங்க. நாட்ராயனும் பொன்னரசும் ஒரே நேரத்துல, "அவரு எதுக்குச் சிரிக்கறாருன்னு கேளுங்க அக்கா"ன்னாங்க. ஒரே வாயில வந்துருச்சு. அதுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துட்டாங்க. வருசக்கணக்குல பாக்காத மூஞ்சிங்க அது. அப்பறம் வேற வழியில்லாம நேராவே திட்டிக்கிட்டாங்க. நேராத் திட்டிக்கிட்டதுல அந்தப் பெரிய கான்ட்ராக்டரு சொன்ன ரேட்டு விசயம் வெளிய வந்துருச்சு.

"நான் எப்பய்யா அந்த ரேட்டுக்கு வர்றேன்னேன்?"ன்னாரு பொன்னரசு.

"அவரு நீங்க சொன்னதாச் சொன்னாரே!"

"எங்கிட்ட உங்க பேரைச் சொன்னாரு!"ன்னு பொன்னரசு தினகரன் பக்கம் திரும்புனாரு.

மூணு பேரும் ரோட்டைப் பாக்கறதை உட்டுட்டுத் தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நான் டீ சொன்னேன். என்ற செலவுதான், அதையும் குறிச்சுக்குங்க.

மாமனாருகிட்டப் போனோம். பெரியவரு தேங்காய் உரிச்சுட்டு இருந்தாரு. "பத்திரத்தை ஒரு மருமவனுக்குக் குடுத்தா மத்த ரெண்டு புள்ளைங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதுங்க. அதனால மூணு பேருக்கும் இல்லீன்னு சமமா வெச்சிருக்கறேன்"ன்னாரு. மூணு பேரும் சேந்து ஒரே கம்பெனின்னு நான் எடுத்துச் சொன்னதும் தேங்காயைக் கீழ வெச்சாரு. "இவனுங்க மூணு பேருமா? ஒரே கம்பெனியா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்பறம் குடுக்கறேன்னாருங்க.

கம்பெனிக்குப் பேரு வெக்கறதுல மறுபடியும் நல்லி எலும்புக் கதை ஆயிப் போச்சு. வயசுப்படி எம்பேரு மொதல்லன்னாரு நாட்ராயன். படிப்புப்படின்னாரு தினகரன். பொன்னரசுக்கு ரெண்டு வழியிலயும் நடுவுலதான் வருது, அவரு சீட்டுக் குலுக்கிப் போடுங்கன்னாரு. பெரியவரு கையில இருந்த மட்டையைத் தூக்கி எறிஞ்சாரு.

"ஒருத்தம் பேரும் வேண்டாம். எம்பேரைப் போடு. இவனுங்களை மொத்தமாப் போடு."

"மொத்தமான்னா எப்பிடீங்க மாமா?"

"மருமவனுங்கன்னு போடு!"

தினகரன் அதை இங்கிலீசுல மாத்துனாருங்க. 'சென்னியப்பன் அன்ட் சன்ஸ் இன் லா கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்'. பேரு நெம்ப நீளந்தான். ஆனா எல்லாரும் உள்ள அடங்கிட்டாங்க.

எல்லாரும்னா, ஒருத்தரைத் தவுத்துங்க. பெரியவருக்கு மகன் ஒருத்தரு இருக்கறாருன்னு சொன்னேனில்ல, லோகநாதன். அவரு அதுக்கு முன்னாடியே, "பொழுதன்னைக்கும் மருமவன் சண்டை, மருமவன் பஞ்சாயத்து, நான் ஒருத்தன் இருக்கறது உங்களுக்குத் தெரியுதா?"ன்னு கேட்டுட்டுத் திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில சூப்பர்வைசராச் சேந்துட்டாரு. பத்திரத்தை வெக்கறதுக்கு அவரை யாரும் கேக்கல. எனக்குத் தோணுச்சு. ஆனா குடும்ப விசயத்துல நான் தலையிட மாட்டனுங்க.

முன்பணத்துக்கு இவங்க பொண்டாட்டிமாருங்க, அக்கா தங்கச்சி மூணு பேரும் வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. டெண்டர் போட்டோம். தெறந்து பாத்தா நம்ம ரேட்டுத்தான் கம்மி. கெடச்சிருச்சுங்க! அந்தப் பெரிய கான்ட்ராக்டரு என்ற கடைக்கு வந்து, "அந்த மூணு பேரையும் யாருங்க சேத்தி உட்டது?"ன்னு கேட்டாரு. நெஞ்சை நிமித்திட்டு "நாந்தானுங்க"ன்னேன். அன்னையில இருந்து அவரு பஸ்டாண்டுக் கடையிலதான் ஜெராக்ஸ் எடுக்கறாரு. பழைய பாக்கியும் போச்சு.

அப்பறந்தான் கேரண்டி. பெரியவரு பத்திரத்தைப் பாத்துட்டு பிஸ்வால் சார் மொத தடவையா "லோன் இல்லீங்க"ங்கறதை உட்டுட்டு "சரீங்க"ன்னாரு. பேங்கு பிரிண்டர்ல அன்னைக்கு இங்கி தீந்து போச்சு. எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக் குடுத்து, "பத்திரத்தாள்ல மயிலாக்கா கடையில அடிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்புனாங்க. அடிச்சேன். அழகா அடிச்சேன். மேனேசர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒடிசா ரயிலுக்குக் கெளம்பிட்டு இருந்தாரு, நின்னுட்டே கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மருமவனுங்க மூணு பேரும் அந்தக் காயிதத்தைப் படிச்சாங்க. எப்பிடிப் படிச்சாங்கங்கறீங்க? பங்காளிங்க பேரு இருக்கற வரியில யாரு பேரு மொதல்ல இருக்குதுன்னு பாத்தாங்க. அதோட மடிச்சு வெச்சுட்டாங்க.

யூனியன் ஆபீசுல இஞ்சினீரு, ஏ.ஈ. மேடம் கனகவல்லின்னு ஒருத்தங்க. கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்குனாங்கன்னா யாருக்கோ கெரகம்னு அர்த்தம். எறக்குனாங்க.

"டெண்டர் போட்டது சென்னியப்பன் அன்ட் சன்ஸ் இன் லா. இதுல சென்னியப்பன் அன்ட் சன்ஸ்னு இருக்குது. அது மருமகனுங்க. இது மகனுங்க. வேற கம்பெனி கேரண்டியை நான் எப்பிடி வாங்கறது?"

வாங்கிப் பாத்தனுங்க. 'இன் லா' இல்ல! வரியோட வலது ஓரத்துல 'சன்ஸ்' வரைக்கும் இருக்குது, அடுத்த வரியில 'கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்'னு ஆரம்பிக்குது. நடுவுல இருந்த மருமவனுங்களைக் காணோம். உங்களுக்கே தெரியும் அம்மிணி, இந்தக் கவருமெண்டு பத்திரத்தாளு முன்ன மாதிரி இல்லீங்க. அகலம் கொறைச்சுட்டாங்க. எல்லாத்துலயும் மிச்சம் புடிக்கறாங்க. மூணு சகலைங்களும் என்ற பக்கமாத் திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. வருசக்கணக்குல எதுலயும் ஒத்துப் போகாதவங்க. அதுல மட்டும் ஒத்துப் போனாங்க.

"வெள்ளிக்கெழமை பொழுதோட கேரண்டி சரியா வரலீன்னா முன்பணம் போயிரும். அடுத்த டெண்டருக்கும் வர முடியாது" அப்பிடீன்னாங்க மேடம். அன்னைக்கு வியாழக்கெழமை. பேங்குல கேட்டா, மேனேசர் ரயில்ல இருக்கறாரு, வேற யாரும் கையெழுத்துப் போட முடியாதுங்கறாங்க. பொன்னரசு படிக்கட்டுலயே உக்காந்துட்டாருங்க. "வளையலு"ன்னாரு.

அதைப் பாத்துட்டு மேடம் கண்ணாடியை மேல ஏத்துனாங்க. "பெரியவருக்கு மகன் இருக்கறாரா?"ன்னு கேட்டாங்க.

"ஒருத்தரு இருக்கறாருங்க."

"அவரு வந்து, சென்னியப்பன் அன்ட் சன்ஸ்னு தனியா எந்தக் கம்பெனியும் இல்ல, எல்லாம் இந்த ஒரே குடும்பக் கம்பெனிதான்னு நோட்டரி முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ரெண்டையும் வெச்சு நான் மேல அனுப்பறேன். மேனேசர் வந்ததும் பேரைத் திருத்தி வாங்கிக்கலாம்."

இப்ப மகனைத் தேடிப் போகோணும். யாரு பேரே நெனப்பு வராம பத்திரத்தை வெச்சாங்களோ, அவருகிட்ட. ஒரு ஆம்னி வேனை வாடகைக்கு எடுத்துட்டுத் திருப்பூருக்குக் கெளம்புனோம். நானும் போனனுங்க. நான் இல்லீன்னா பேச்சு வராதே. பெரியவரு முன்னால உக்காந்துக்கிட்டாரு. பின்னால சகலைங்க மூணு பேரும், நானும். சீட்டு பத்தாம நாட்ராயன் மடியில பாதி தினகரன் உக்காந்திருந்தாரு. அவங்க அவ்வளவு நெருக்கமா இருந்து நான் பாத்ததே இல்லீங்க.

கம்பெனி கேட்டுல வாட்சுமேனு சித்த நேரந்தான் குடுத்தாரு. லோகநாதன் வெளிய வந்தாருங்க. தலை பூராப் பஞ்சு. அப்பனைப் பாத்ததும் நின்னுட்டாரு. பெரியவரு அங்க இருந்த வேப்பமரத்தைப் பாத்துட்டு நிக்கறாரு, அதை வெலைக்கு வாங்கப் போறவராட்ட. சரி, நம்ம வேலை வந்துருச்சுன்னு நான் அந்தக் கேரண்டிக் காயிதத்தை எடுத்து அவரு கையில குடுத்தேன்.

அவரு எழுத்துக் கூட்டிப் படிக்கறாரு. "சென்னியப்பன்... அன்ட்... சன்ஸ்." மறுபடியும் படிச்சாரு. நிமுந்து அப்பனைப் பாத்தாரு.

"எம்பேர்ல போட்டிருக்கீங்களா?" அப்பிடீன்னாரு. "யாரும் எங்கிட்டச் சொல்லலியே. நீங்க பேங்குல பத்திரம் வெச்சிருக்கறதாக் கேள்விப்பட்டேன், மருமவனுங்களுக்குன்னு நெனச்சேன்."

அப்பறம் திரும்பக் காயிதத்தைப் பாத்துட்டு, "சன்ஸ்னு இருக்குதே? நான் ஒருத்தந்தானே இருக்கறேன்?"ன்னாரு.

எனக்குத் தப்புன்னா பொறுக்காதுங்க. வெவரம் சொல்லோணுமில்ல? "அது வந்துங்க தம்பி, அந்தத் தாளு அகலம்"னு ஆரம்பிச்சேன். சின்ன மருமவன் தினகரன் என்ற காலை மிதிச்சாருங்க. தெரியாம இல்ல, நல்லா ஏறி மிதிச்சாரு. படிச்ச மனுசன்! இன்னைக்கு வரைக்கும் எதுக்குன்னு சொல்லல, மன்னிப்பும் கேக்கல.

அதுக்குள்ள மூத்தவரு நாட்ராயன் ஒரு எட்டு முன்னால வெச்சு, "நீ ஒருத்தன் மாப்ள. மீதி நாங்க மூணு பேரு"ன்னாரு.

பெரியவரு வேப்பமரத்தை உட்டுட்டு மகனைப் பாத்தாரு. "சோறு உண்டயா?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதானுங்க கேட்டாரு. லோகநாதன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கிட்டாரு. பெரியவரும் கண்ணைத் தொடைக்கறாரு, சகலைங்களும் தொடைக்கறாங்க. பனியன் கம்பெனிப் பக்கம் அப்பிடித்தானுங்க, காத்துல பஞ்சு பறந்துட்டே இருக்கும், கண்ணுல உழுந்துரும். நான் அதுக்குத்தான் கண்ணாடி போட்டுட்டுப் போனேன். அப்பிடியும் எனக்கும் சித்தெ உழுந்துருச்சு.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள லோகநாதன் லீவு சொல்லிட்டு வந்து நோட்டரிக்கிட்டக் கையெழுத்துப் போட்டாரு. ஏ.ஈ. மேடம் ரெண்டு காயிதத்தையும் ஒட்டுக்கா வெச்சுப் பின் குத்தி மேல அனுப்பிட்டாங்க. வேலை உத்தரவு வந்துருச்சு. அதைக் காட்டுனதும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் பேங்குலயே லோன் குடுத்தாங்க.

பிஸ்வால் சார் கல்யாண லட்டோட திரும்பி வந்தாரு. நான் புதுப் பத்திரத்தாளு வாங்கிட்டு, "வாங்க, இந்தத் தடவை 'இன் லா'வையும் சேத்து சரியா அடிச்சுத் தர்றேன்"னு கூப்புட்டனுங்க. நாலு பேரும் ஒரே குரல்ல, "வேண்டாங்க்கா"ன்னாங்க. அதுக்குப் பதிலா என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? லோகநாதனை நாலாவது பங்காளியாச் சேத்து, ரிஜிஸ்தர் ஆபீசுல கம்பெனி பேரையே 'சென்னியப்பன் அன்ட் சன்ஸ்'னு மாத்தி, பேங்குலயும் யூனியன்லயும் அந்தப் பேரையே பதிஞ்சுட்டாங்க. மாத்துன பத்திரத்தைப் பஸ்டாண்டுக் கடையில அடிச்சாங்க. எனக்குச் சரியா அடிக்கத் தெரியாதாட்ட! மூணு மருமவனுங்களும் பேர்ல இருந்த பங்கை உட்டுக் குடுத்துட்டு நிக்கறாங்க, அவங்களுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லீங்க. உலகம் தெரியாத ஆளுங்க.

வேலை நடந்ததைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. லோகநாதனுக்குக் கட்டட வேலை சுத்தமாத் தெரியாது. செங்கல்லை ஒவ்வொண்ணா எடுத்து, பனியன்ல ஓட்டை பாக்கறாப்பல வெளிச்சத்துல பொரட்டிப் பாத்து, "இதுல ஓரம் சரியில்ல, செகண்ட்ஸ்ல போடு"ம்பாரு. கொத்தனாருங்க மொதல்ல சிரிச்சாங்க. அப்பறம் செங்கச்சூளைக்காரன் நல்ல கல்லா அனுப்ப ஆரம்பிச்சுட்டான். மாட்டுத் தொட்டி உசரத்துக்கு நாலு பேருக்கும் பெரிய சண்டை. கடைசியில ஒரு காளையைப் புடிச்சுட்டு வந்து நிறுத்தி அளந்தாங்க. காளை பொன்னரசு வேட்டியைத் தின்னுருச்சு. ஆனா சண்டை போட்டுட்டு மத்தியானம் ஒரே எலையில வெச்சாப்பல ஒட்டுக்கா உக்காந்து உண்பாங்க. கொத்தனாருங்க ஒவ்வொருத்தராத் திரும்பி வந்துட்டாங்க. மாரியம்மன் நோம்பிக்கு முன்னாலயே அக்கா தங்கச்சி மூணு பேரு கையிலயும் வளையல் வந்துருச்சு.

போன மாசம் தெறப்பு விழா. நான் போனேன். எம்பேரு இல்லாட்டியும் போனேன், பெருந்தன்மைதான். அதிகாரி ஒருத்தரு ஜில்லாவுல இருந்து வந்திருந்தாரு. சாக்கடையில தண்ணியை ஊத்திப் பாத்தாரு, ஒரு சொட்டு நிக்கல. செவுத்தைத் தட்டிப் பாத்தாரு. மோல்டை அண்ணாந்து பாத்தாரு. நெம்ப சந்தோசமுங்க அவருக்கு. பெரியவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "ஐயா, சென்னியப்பன் நீங்கதானா? இதுல உங்க பசங்க யாருங்க?"ன்னு கேட்டாரு.

பெரியவரு வரிசையா நின்ன நாலு பேரையும் கையைக் காட்டுனாரு. நாட்ராயன், பொன்னரசு, தினகரன், லோகநாதன்.

"நாலு பசங்களா! கொடுத்து வெச்சவருங்க நீங்க. மாப்பிள்ளைங்க யாரும் இருக்கறாங்களா?"

பெரியவரு நாலு பேரையும் இன்னொரு தடவை நல்லாப் பாத்தாருங்க. பாத்துட்டு, "மருமவனுங்களா? அவனுங்க ஒருத்தனும் வல்லீங்க"ன்னாரு.

நான் பக்கத்துலயே நிக்கறேன். "ஐயா, மூணு பேரும் இங்கதான நிக்கறாங்க!"ன்னு சத்தமா எடுத்துக் குடுத்தேன். யாரும் காதுல வாங்கல. எல்லாரும் எங்கியோ பாத்துட்டு இருந்தாங்க. என்ன பண்றதுங்க அம்மிணி, பெரியவருக்கு வயசாயிப் போச்சு. சொந்த மருமவனுங்களையே அடையாளம் தெரியல பாருங்க.